அசையாத நீர்மட்டம்

"திருவிழாவுக்கு உந்த எஞ்சின் ஓடாட்டி?"

"ஓடும்."

"ஓடாட்டி எண்டு கேக்கிறன்."

"ஓடாட்டி கொட்டிலைக் காலி பண்ணித் தாறன். உங்கட வலையளைக் கொண்டுவந்து அடுக்குங்கோ. பேந்து நான் வாய் திறக்கமாட்டன்."

"கொஞ்ச நேரம் ஓடிப்போட்டு நிண்டால் ஓடினது எண்டு சொல்லக் கூடாது. அந்தோனியாரின்ர சுருவம் வெளிக்கிட்டு ஊர் சுத்தித் திரும்பி வருமட்டும் ராட்டினம் சுத்தோணும். பிள்ளையள் ஏறி இறங்க மட்டும் நிப்பாட்டலாம்."

"சரி."

"சத்தியமா?"

"அந்தோனியார் சத்தியமா."

சத்தியம் கேட்டது லோறன்ஸ், செய்தது அவன் மனைவி மரியமலர். இரண்டு வருடமாக அவனுடைய வலைகள் வெளியே தறப்பாளுக்குக் கீழே கிடந்தன. எலி கடித்த இடமெல்லாம் அவன்தான் குந்தியிருந்து பொத்தினான். கொட்டிலுக்குள்ளே அவளுடைய லேத் மெசினும் வெல்டிங் பெட்டியும் இருந்தன. ஊர்க்காரர் கொயில் சுற்றக் கொண்டுவந்து கொடுத்த தண்ணீர் மோட்டர்கள் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த நீராவி எஞ்சின். மோட்டர்களால் வீட்டில் உலை கொதித்தது. எஞ்சினால் ஒரு பிரயோசனமும் இல்லை. அது அவளுடைய ஆசை, அவ்வளவுதான்.

அதை முதலில் கண்டவர் தண்ணீரூற்று ஊரில் பழைய இரும்பு வாங்கி விற்கிற ஹமீட். நெடுங்கேணிப் பக்கம், மரம் அரிகிற ஆலை ஒன்று முந்தி இருந்த இடத்தில், அரைவாசி புற்றுக்குள் கிடந்தது. தோண்டி லொறியில் ஏற்றியவர் கடைக்குப் போகாமல் நேரே மரியமலரின் படலைக்கு வந்தார்; அண்ணன் முறையில் அவள் அவரை நானா என்பாள்.

"தங்கச்சி, உடைச்சுத் தராசில போட மனம் வரேல்ல. வந்து ஒருக்காப் பாருங்கோ."

"சில்லைச் சுத்திப் பாத்தனீங்களோ நானா?"

"எங்க சுத்துறது! கல்லுமாதிரி இறுகிப்போய்க் கிடக்கு."

அவள் ஒன்பது நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தாள். பத்தாம் நாள் காலை ஹமீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"நானா, அசைஞ்சிட்டுது."

"எவ்வளவு?"

"ஒரு விரல்."

"அல்ஹம்துலில்லாஹ்! கடையைப் பூட்டிப்போட்டு வாறன்."

"ஒரு விரலுக்கோ கடையைப் பூட்டுறியள்?"

"பின்ன?"

அப்படித் தொடங்கியதுதான். எஞ்சின் பழையது, கொதிகலனை அவளே புதிதாகச் செய்தாள். நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் வாய்வரை பச்சைத் தண்ணீர் நிரப்பி, வேலைக்கு வேண்டிய அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு கைப்பம்பால் ஏற்றி, ஒரு பகல் முழுக்க ஊசியைப் பார்த்தபடி இருந்தாள். ஊசி இறங்கவில்லை. அன்றைக்கு வீட்டில் மத்தியானச் சோறு இல்லை. லோறன்ஸ் பாணும் சம்பலும் வாங்கி வந்து, "உன்ர ஊசியும் சாப்பிடுமோ?" என்று கேட்டான்.

தண்ணீர் விசயத்தில் மட்டும் அவள் பொல்லாதவள். அந்தக் கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலுக்குள் ஒரு மாதத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு பொருக்காகப் படியும். கொதிகலனுக்கு அது ஆகாது. மாரியில் கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீரைக் கறுப்புத் தாங்கியில் சேர்த்து வைத்திருந்தாள். அதில் ஒருவரும் கை கழுவக்கூட முடியாது.

ராட்டினம், கோயில் திருவிழாவுக்கு வருடாவருடம் ஊர் இளைஞன் றொமேஸ் பூட்டுகிற எட்டு இருக்கை ராட்டினம். நாலு பேர் நின்று கையால் தள்ளுவார்கள். மரியமலர் பங்குத்தந்தை வின்சனிடம் போய்க் கேட்டாள்.

"ஃபாதர், இந்தமுறை ராட்டினத்தை என்ர எஞ்சின் சுத்தட்டும்."

"பிள்ளையளுக்கு ஒண்டும் ஆகாதே?"

"நெருப்புக்கும் அவையளுக்கும் இடையில முப்பதடி பெல்ட் கிடக்கும். பயம் எண்டு கண்டால் நானே நிப்பாட்டிப்போடுவன்."

"நீங்கள் நிப்பாட்டுற ஆள் இல்லையே மரியமலர்" என்று அவர் சிரித்தார். ஆனால் சம்மதித்தார்.

மூன்று கிழமையாகப் பின்னேரங்களில் எஞ்சினை ஓட்டி ஓட்டிப் பழகினார்கள். திருவிழா ஞாயிறு அன்று பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது, மதிலோரம் கொதிகலன் அறுபது இறாத்தல் அழுத்தத்தோடு தயாராக நின்றது. ஹமீட் எஞ்சினின் தண்டுக்கு ஒரு போத்தலிலிருந்து கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உது என்ன கொழுப்பு நானா?"

"போன கிழமை பெருநாளுக்கு அறுத்த ஆடு. பக்கத்து வீட்டு ஆசியா உம்மா உருக்கித் தந்தவ. கறிக்கு இல்லாத கொழுப்பு இரும்புக்கோ எண்டு ஏச்சும் சேத்துத் தந்தவ."

றொமேஸ் ராட்டினத்தடியில் நின்று கூப்பிட்டான். "மலரக்கா! தேத்தண்ணி எப்ப வரும்? எனக்குச் சீனி கூடப் போடுங்கோ!"

"உன்ர வாயைக் கொண்டுவந்து உலைக்கு முன்னால பிடி. விறகு மிச்சம்!"

சனம் சிரித்தது. லோறன்ஸ் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

கொதிகலனின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அது காட்டும். ஓட்டத் தொடங்குமுன் ஒவ்வொரு நாளும் அதைக் கழுவவேண்டும். அடியில் இருக்கிற சின்னக் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீரும் ஆவியும் பக்கவாட்டில் சீறும், கண்ணாடி வெறுமையாகும். மூடினால் தண்ணீர் துள்ளி மேலே வரும். வந்தால் வழி அடைபடவில்லை என்று அர்த்தம்.

மரியமலரின் கை அந்த அடிக் குழாய்க்குப் போன நேரம், ஃபாதர் வின்சன் தீர்த்தச் செம்போடு வந்து சரியாக அதற்கு முன்னால் நின்றார். வெள்ளை அங்கி.

"பொறுங்கோ தங்கச்சி" என்று ஹமீட் மெல்லச் சொன்னார். "ஃபாதரின்ர உடுப்பு."

"அவர் போனாப் பிறகு கழுவுவம்" என்று அவள் கையை எடுத்தாள்.

ஃபாதர் செபித்துத் தீர்த்தம் தெளித்தார். சுருவம் ஆட்களின் தோளில் ஏறியது, பாண்ட் வாத்தியம் முழங்கியது. "அக்கா, எட்டுப் பேரும் ஏறியாச்சு!" என்று றொமேஸ் கத்தினான். ஃபாதரும் சுருவத்தோடு வெளிக்கிட்டுவிட்டார். அவள் ஆவியைத் திறந்தாள். கண்ணாடி கழுவுவது ஞாபகத்தில் இல்லை.

எஞ்சின் ஒருதரம் மூச்சுவிட்டது. இரண்டாம் தரம் சில்லு திரும்பியது. பெல்ட் இறுகி, ராட்டினம் முனகிக்கொண்டு அசைந்து, பிறகு சுற்றத் தொடங்கியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாண்ட் கேட்கவில்லை.

"ஓடுதுதான்" என்றான் லோறன்ஸ், கிட்ட வந்து.

"ஓடுமெண்டு சொன்னனான்."

"சுருவம் இன்னும் மூலைக் கடையையே தாண்டேல்ல."

"தாண்டட்டும். நாங்கள் எங்கையும் போகேல்ல."

ஒரு கூட்டம் இறங்க, அடுத்த கூட்டம் ஏறியது. அரை மணித்தியாலம் போயிற்று. ஹமீட் விறகு தள்ளினார். மரியமலர் கண்ணாடியைப் பார்த்தாள்.

"நானா, தண்ணி எப்பிடி?"

"நல்லா நிக்குது. பாதிக்கு மேல."

"கடைசியா எப்ப பம்ப் அடிச்சனீங்கள்?"

"அடிக்கேல்லையே. அது குறைஞ்சாத்தானே அடிக்கிறதுக்கு?"

அவள் குனிந்தாள். மற்ற நாட்களில் எஞ்சின் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தத் தண்ணீர் மேலும் கீழும் நடுங்கும். இன்றைக்கு அது போத்தலில் அடைத்த எண்ணெய்போல அப்படியே நின்றது.

"அரை மணித்தியாலமா எஞ்சின் தண்ணியைக் குடிக்குது. கண்ணாடியில குறையேல்ல. அதெப்பிடி நானா?"

ஹமீட்டின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவள் அடிக் குழாயைத் திறந்தாள். கண்ணாடியிலிருந்த தண்ணீர் ஓடிப்போயிற்று. மூடினாள். தண்ணீர் திரும்பி வரவில்லை. கீழ்வழி அடைபட்டிருந்தது. இவ்வளவு நேரமும் இவர்கள் பார்த்தது குழாய்க்குள் சிறைப்பட்ட தண்ணீரை. கொதிகலனுக்குள் எவ்வளவு மிச்சம் என்று ஒருவருக்கும் தெரியாது.

"அல்லாவே!" ஹமீட் கைப்பம்புக்கு ஓடினார்.

"தொடாதேங்கோ!"

"தண்ணி இல்லாட்டி அடிக்கத்தானே வேணும்?"

"உள்ளுக்குத் தகடு பழுத்துப்போய் இருந்தால்? பச்சைத் தண்ணி பட்டால் வெடிக்கும், நீங்களும் இல்லை, நானும் இல்லை." அவள் நிமிர்ந்து, ஒரு தடியால் பெல்ட்டைத் தட்டி விழுத்தினாள்; ராட்டினம் மெல்ல ஓய்ந்தது. "றொமேஸ்! பிள்ளையளை இறக்கு! எல்லாரையும் கோயிலுக்குப் பின்னால கொண்டு போ!"

"ஏனக்கா, இப்பதானே…"

"கொண்டு போ!"

அந்தக் குரல் யுத்த காலத்திலிருந்தே இந்தக் கரைச் சனத்துக்குத் தெரியும். கைக்கு அகப்பட்ட பிள்ளையை, யாருடையது என்றும் பாராமல், இடுப்பில் தூக்கிக்கொண்டு குனிந்தபடியே போனார்கள். ஒரு நிமிடத்தில் முற்றத்தில் செருப்புகள்தான் கிடந்தன.

மரியமலர் எஞ்சினை நிறுத்தவில்லை, இருக்கிற ஆவியை அது குடித்து முடிக்கட்டும் என்று விட்டாள்.

"மண் கொண்டுவாங்கோ நானா. நெருப்பை மூடவேணும்."

"தங்கச்சி, சுருவம் இன்னும் வரேல்ல" என்றார் ஹமீட். "உங்கட கொட்டில்…"

"மண் கொண்டுவாங்கோ."

மண் கொண்டுவந்தது லோறன்ஸ். போகச் சொன்ன கூட்டத்தோடு அவன் போகவில்லை. மதிலோரத்து மணலைச் சாக்கில் அள்ளி இழுத்துக்கொண்டு வந்தான்.

"எங்க கொட்ட?"

"உலைக்குள்ள. மெதுவா. நேர முன்னால நிக்காதேங்கோ, பக்கத்தால நிண்டு கொட்டுங்கோ."

"நீ தள்ளி நில்."

"நீங்கள் கொட்டுங்கோ."

மூன்று சாக்கு மண் போயிற்று. புகை வெளியே வந்து மூவரையும் இருமவைத்தது. ஊசி ஐம்பதுக்கு வந்தது. நாற்பது. எஞ்சின் இளைத்துக்கொண்டே சுற்றியது. இருபதில் சில்லு ஒருதரம் தயங்கி, நின்றது.

சிறிது நேரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. சுருவம் திரும்பிவந்தது. ஃபாதர் வெறும் முற்றத்தையும் புகையையும் பார்த்தார்.

"என்ன மரியமலர், நிண்டுபோச்சோ?"

"இல்லை ஃபாதர். நிப்பாட்டினனான்."

சூடு ஆறப் பின்னேரமாயிற்று. கொதிகலனை அடியில் திறந்துவிட்டபோது ஒரு கேத்தில் அளவு தண்ணீர்கூட வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி, கீழ்த்துளைக்குள் ஒரு சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தினாள். நகமளவு வெள்ளைப் பொருக்கு ஒன்று உடைந்து விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"மழைத் தண்ணியில ஏது சுண்ணாம்பு?"

ஹமீட்டுக்குத் தெரியவில்லை. லோறன்ஸ் தொண்டையைச் செருமினான்.

"தாங்கி குறைஞ்சுகொண்டு வந்தது. நீ கஸ்டப்படுறாய் எண்டு கிணத்தில இருந்து பைப்பைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விட்டனான்."

"எப்ப?"

"மூண்டு கிழமையா, இரவில."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"உதவி செய்தால் தம்பட்டம் அடிச்சுக்கொண்டோ செய்யிறது?"

ஹமீட் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தினார். முடியவில்லை. மரியமலருக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

"நீங்கள் விட்டது கிணத்துத் தண்ணி. கண்ணாடியைக் கழுவாமல் தொடங்கினது நான். ஃபாதரின்ர வெள்ளை உடுப்பைப் பாத்து மரியாதை பண்ணினனான். அந்த மரியாதைக்கு விலையா எட்டுப் பிள்ளையளல்லோ இருந்ததுகள்!"

அங்கே றொமேசும் ஆட்களும் ராட்டினத்தைக் கையால் தள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

இரவே ஹமீட்டின் லொறியில் எஞ்சினும் கொதிகலனும் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டன; மறுநாள் விடிந்தபோது மரியமலர் கொட்டிலுக்குள்ளிருந்து சாமான்களை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறாய்?" என்று கேட்டான் லோறன்ஸ்.

"கொட்டிலைக் காலி பண்ணுறன்."

"ஆர் இப்ப கேட்டது?"

"நீங்கள்தான் கேட்டனீங்கள்."

"அது… நான் தண்ணி விடாட்டி ஓடியிருக்கும்தானே."

"ஓடியிருக்கும். ஓடேல்ல. அந்தோனியாரிட்டச் சத்தியம் பண்ணிப்போட்டுப் பேந்து அவரோட வழக்காட எனக்கு ஏலாது. வலையைக் கொண்டுவாங்கோ."

"அப்ப எஞ்சின்?"

"எஞ்சினை விடுறன் எண்டு ஆருக்குச் சொன்னனான்?"

படலையில் லொறி வந்து நின்றது. ஹமீட் பழைய தகரங்கள் ஏற்றி வந்திருந்தார்.

"எங்க இறக்க தங்கச்சி?"

"வேம்புக்கு அங்கால. புதுக் கொட்டிலுக்கு நாலு கம்பு நட்டால் காணும்."

"லேத்துக்கும் சேத்து ஆறு வேணும்."

"அப்ப ஆறு."

அவள் அலவாங்கை எடுத்து நிலத்தில் குத்தத் தொடங்கினாள். லோறன்ஸ் தோளில் வலையோடு, வெறுமையான கொட்டிலின் வாசலில் நின்று பார்த்தான். முதல் கம்புக்கான கிடங்கைத் தோண்டி முடித்து அவள் இரண்டாவதுக்குப் போனாள்.

"உந்த ஆழம் காணாது" என்றான்.

"ஒண்டரை முழம் காணும்."

"சோளகக் காத்து தகரத்தோட பிடுங்கிக்கொண்டு போகும். ரெண்டு முழம் வேணும்."

"ஒண்டரை."

"காத்து உனக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியுமோ?"

"அப்ப வந்து கிண்டுங்கோவன்."

அவன் வலையை இறக்கிவைத்துவிட்டு வந்து அலவாங்கை வாங்கினான். மரியமலர் கையைத் தட்டிக்கொண்டு கொதிகலனண்டை போனாள்.

"நானா, இந்தக் கீழ்த்துளையை நான்தான் ஒடுக்கமா விட்டிட்டன். பெருப்பிக்கோணும்."

"எவ்வளவுக்கு?"

"அரை அங்குலம்."

"அரை அங்குலத்துக்குள்ளால ஆனை போகும் தங்கச்சி."

"போகட்டும். துளைபோடுற மெசினை இஞ்சால தூக்குங்கோ."