பாலத்தடி சாக்ஸபோனும் காலஞ்சென்ற யூஜென்னும்

தன் மனைவி யூஜென் இறந்துபோன விஷயம் பெங் சுவான்ஃபூவுக்கு ஒரு வியாழக்கிழமை காலையில்தான் தெரியவந்தது. அப்போது அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து எள் விழுது நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

செய்தியைக் கொண்டுவந்தவள் நூடுல்ஸ் கடைக்காரி ஷு.

“பெங் அண்ணே, செல்போனைத் தொறந்தா உங்க மூஞ்சிதான். ஊரே அழுவுது. அண்ணி, நீங்க மட்டும் பாக்காதீங்க.”

யூஜென் உடனே பிடுங்கிப் பார்த்தாள்.

ஹாங்சோவிலிருந்து வூஹானைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண் தன் அனுபவங்களை எழுதியிருந்தாள். இவ்வூர் மக்கள் காலை உணவை நடந்துகொண்டே தின்கிறார்கள் என்று வியந்திருந்தாள். நலம் விசாரிப்பதைக்கூடச் சண்டை மாதிரி விசாரிக்கிறார்கள் என்று பயந்திருந்தாள். கடைசியில் பெங்கின் படத்தைப் போட்டு உருகியிருந்தாள்.

“ஹான் ஆற்றுப் பாலத்தடியில் ஒரு முதியவர் தன்னந்தனியாக சாக்ஸபோன் வாசிக்கிறார். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே நீண்ட மௌனம். பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் ஆள் இல்லை, ஒரு காகிதம் மட்டும். கடிதமாக இருக்க வேண்டும். அதைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், மறுபடி ஊதுகிறார். அங்கே உட்கார்ந்து கேட்ட மனைவி இன்று இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்கக் கூடாது.”

கேட்டிருக்கலாம். அந்த மௌனத்தில் பெங் அடுத்த விசை எங்கே இருக்கிறது என்று தேடுகிறார் என்பது தெரிந்திருக்கும். காகிதம் இசைக்குறிப்பு. பெருமூச்சு, முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவரின் நுரையீரல். பாலத்தடிக்கு அவர் வந்து சேர்ந்ததற்கும் காரணம் உண்டு. வீட்டில் வாசிக்கக் கூடாது என்று குடியிருப்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது. முதல் கையெழுத்து யூஜென்னுடையது.

“நான் எதுல போனேன்னு போடலையே,” என்றாள் யூஜென், திரையை மேலும் கீழும் தள்ளியபடி. “உன் வாசிப்பக் கேட்டுதான்னு எழுதச் சொல்லு.”

அன்று மாலை பாலத்தடியில் கூட்டம். ஒருத்தி கம்பளித் தொப்பி கொண்டுவந்தாள். ஒருவன் வெந்நீர் குடிக்கச் சொன்னான். இரண்டு மாணவிகள் துக்கத்துக்கு வைக்கும் வெள்ளைச் சாமந்திக் கொத்து ஒன்றை முக்காலியில் சாத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார்கள். பெங் ஒரு சுரத்தைத் தவறவிட்டார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பேருந்து ஓட்டிய காலத்தில் அவர் எத்தனையோ பேரைக் காக்க வைத்திருக்கிறார். அதற்காக யாரும் இப்படிக் கண்கலங்கியதில்லை.

அந்த நேரம் பார்த்து ரத்த அழுத்த மாத்திரையோடு யூஜென் வந்தாள். சாமந்தியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு முக்காலியில் அமர்ந்தாள். மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாட்டி, நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“பொண்டாட்டி.”

“அதுக்குள்ளயா?” என்றாள் ஒருத்தி. அவள் குரலில் இருந்த கசப்பை ஒரு வாரத்துக்கு ஊறுகாய் போடலாம்.

“ஆமா கண்ணு. அவ உயிரோட இருக்கும்போதே இந்த ஆளு மேல எனக்கு ஒரு கண்ணு. இந்த அழகப் பாத்துட்டு எத்தன நாள்தான் பொறுத்திருக்கறது?” என்ற யூஜென், கணவர் பக்கம் திரும்பி, “யோவ், வாயத் தொற. மாத்திரை,” என்றாள்.

அதுவரைக்கும் அவளுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. தலைவர் கான் வீடேறி வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

கான், அந்திச் செம்மை இசைக்குழுவின் தலைவர். ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து நடத்தும் குழு. அதில் ஓர் இருக்கை வேண்டும் என்பது பெங்கின் ஒரே ஆசை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் விண்ணப்பித்திருந்தார். “சாக்கடையில் மாட்டிய எருமைக்கு எங்கள் குழுவில் வேலை இல்லை” என்று கான் பதில் சொல்லியிருந்தார். இப்போது அதே கான் ஒரு பெட்டி நிலாப்பணியாரத்தோடு வாசலில் நின்றார். நிலாத் திருவிழாக் கச்சேரியில் பெங்குக்கு முன்வரிசையில் இடம். தனி வாசிப்பும் உண்டு.

“ஒரே ஒரு விஷயம்,” என்று குரலைத் தாழ்த்தினார். “மேடையில அண்ணியப் பத்தி ரெண்டு வார்த்த உருக்கமாச் சொல்லுவோம்.”

“அவ சமையல்கட்டுல இருக்காளே.”

“அதனாலதான் மெதுவாப் பேசறேன். நீங்க பொய் சொல்ல வேணாம். உண்மையச் சொல்லாம இருந்தாப் போதும்.”

“சந்து முழுக்கத் தெரியுமே.”

“சந்து கச்சேரிக்கு வரப்போறதில்ல அண்ணே. மெட்ரோவுல வர்ற ஜனம்தான்.”

பெங் சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு பணியாரப் பெட்டியைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

சமையலறையில் கத்தி நறுக்குவது நின்றது. கான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினார். யூஜென் வெளியே வந்து ஏப்ரனைக் கழற்றிப் பெங்கின் மடியில் போட்டாள்.

“செத்தவ சமைக்க மாட்டா.”

“யூஜென், ஒரே ஒரு நாள் கூத்து…”

“செத்தவ பேசவும் மாட்டா.”

சொன்னபடியே நடந்தாள். பேச்சு இல்லை, சமையல் இல்லை, துவைப்பு இல்லை. தொலைக்காட்சி மட்டும் பார்த்தாள். ஆவிகளுக்கு அது விலக்கு போலும். மாஜோங் ஆட வந்த சிநேகிதிகளும் ஒத்துழைத்தார்கள். “அமரரே, உங்க முறை,” என்றார்கள். “பாவம், நல்ல மனுஷி. ஆட்டத்துல மட்டும் ஏமாத்துவா,” என்றார்கள். பெங் கடைசிச் சட்டையையும் அழுக்காக்கிவிட்டு, வெந்நீர் ஊற்றிய நூடுல்ஸ் டப்பாவோடு சன்னலோரம் உட்கார்ந்தார். இந்தக் கோலத்தில் யாராவது படம் எடுத்திருந்தால் ஊர் இன்னும் அழுதிருக்கும். ஒருமுறை, “மன்னிச்சிடு” என்று சொல்ல வாயெடுத்தார். முன்வரிசை இருக்கை நினைவுக்கு வந்தது. நூடுல்ஸை விழுங்கினார்.

திருவிழா மாலை ஆற்றங்கரையில் நிற்க இடமில்லை. பெங் சிவப்புச் சீருடையில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். எதிரே மூன்றாவது வரிசையில் ஊதா மேலங்கியோடு யூஜென். இரண்டு பக்கமும் மாஜோங் சிநேகிதிகள். மூவர் வாயிலும் சூரியகாந்தி விதை.

கான் ஒலிபெருக்கியைப் பிடித்தார். காதலைப் பற்றிப் பேசினார், பிரிவைப் பற்றிப் பேசினார். “அந்த முகத்தை ஒருமுறை பார்ப்போம்,” என்று கையை உயர்த்தினார். பின்திரையில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எழுந்தது.

பெங் திரும்பிப் பார்த்தார். மெல்லிய புருவம், குழிவிழுந்த கன்னம், சினிமா நடிகை மாதிரி ஒருத்தி. அவளை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. இணையத்தில் எங்கிருந்தோ கான் இறக்கி வைத்திருந்தார்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. பெங் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். யூஜென்னின் கை விதைப் பையிலேயே நின்றுபோயிருந்தது. அவள் கோபமாக இருந்திருந்தால் அவருக்குப் பழக்கம்தான், சமாளித்திருப்பார். அவளோ மேலங்கியின் கழுத்துப்பட்டையை மெல்ல இழுத்துச் சரிசெய்துகொண்டு, தலைகுனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெங் எழுந்து போய் ஒலிபெருக்கியை வாங்கினார்.

“இது என் பொண்டாட்டி இல்ல. என் பொண்டாட்டி இதோ, மூணாவது வரிசையில, ஊதாச் சட்டை. நல்லா குண்டா இருப்பா. சாகல. நான் நிறுத்தி நிறுத்தி ஊதறது சோகத்துல இல்ல. எனக்கு வாசிக்கத் தெரியாது.”

ஆற்றுப் படகு ஒன்றின் மோட்டார் சத்தம்கூடக் கேட்டது.

“யாருய்யா குண்டு?” என்றாள் யூஜென். பல நாளைக்குப் பிறகு அவர் காதில் விழுந்த குரல்.

கூட்டம் சிரிப்பில் வெடித்தது. கானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “சீருடையக் கழட்டிக் குடுத்துட்டு எறங்குங்க,” என்றார் பல்லைக் கடித்தபடி. பெங் முதல் பொத்தானில் கைவைத்தார்.

விதையைத் துப்பிவிட்டு யூஜென் எழுந்தாள். அவள் மேடையேறி வந்ததை ஏறியது என்று சொல்ல முடியாது. மேடை கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது.

“என்னக் கொன்னது இந்த ஆளு. அத நான் வீட்டுல வச்சுப் பாத்துக்கறேன். அவர எறங்கச் சொல்ல நீ யாரு?”

“அண்ணி, அவருக்கு வாசிக்கத் தெரியாதே!”

“அது போன வாரமே உனக்குத் தெரியாதா? என் சாவுக்கு எடம் குடுத்தியே, நான் உசுரோட இருக்கறதுக்குக் குடுக்க மாட்டியா? ஒரு வாரம் செத்துக் கெடந்திருக்கேன், சும்மாவா?”

“குடு! குடு!” என்று கூட்டம் கத்தியது. எல்லார் கையிலும் செல்போன். கான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேரத்துக்கு இறங்கினார். கடைசியில் பெங் பாட்டுக்கு ஒரே ஒரு சுரம் ஊதலாம் என்று முடிவானது.

“எந்தச் சுரம்?” என்றார் கான், சாகக் கிடப்பவர் குரலில்.

“எனக்கு ஒண்ணு நல்லா வரும்,” என்றார் பெங்.

யூஜென் இறங்கிப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. பெங் சாக்ஸபோனை உதட்டில் வைத்து, விரலை விசையில் வைத்து, மூச்சை நிரப்பிக் காத்திருந்தார். அவருடைய இடம் வந்தது. அவர் காத்திருந்தார். இடம் போயும்விட்டது.

“யோவ், இப்ப ஊதுய்யா!” என்று மூன்றாவது வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

ஊதினார்.