பன்னிரண்டு புது மேசைகள்

பிஸ்கட் தொழிற்சாலையில் சம்பளத்தைக் குறைத்த வெள்ளிக்கிழமை, பொட்டலம் கட்டுகிறவளின் மகள் இரண்டு விரல் குள்ளமானாள். காலையில் கணுக்கால் தெரிய உடுத்திப் போன பள்ளிப் பாவாடை மாலையில் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. தாய் அதைப் பார்த்தாள், ஊசியை எடுத்தாள், போன மாதம்தான் பிரித்துவிட்டிருந்த மடிப்பை மறுபடி தைத்தாள். அந்தத் தெருவில் பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் வீட்டு வருமானத்தோடு ஏறுவதும் இறங்குவதும், மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொள்வது மாதிரி, எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி. முதலாளி வீட்டுப் பையனுக்குப் பதினான்கு வயது நடந்தபோது ஒரே வருடத்தில் மூன்று முறை நிலைவாசலை உயர்த்திக் கட்டினார்கள். அந்த வேலை பார்த்த கொத்தனாரின் மகனுக்கும் கூலி வந்த வாரங்களில் ஒரு விரல் கிடைத்தது. பொட்டலம் கட்டுகிறவளின் கணவன் வேறொரு ஊரில் வேறொருத்தியின் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் நல்ல உயரம் என்று கேள்வி.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. வகுப்பிலேயே நெட்டையாக இருந்த காலத்தில் ‘ஏணி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவள் குறைந்துகொண்டே வந்தாலும் பெயரைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. வெட்டிய சம்பளத்துக்கு ஈடாக நிர்வாகம் வாரத்துக்கு ஒரு பை உடைந்த பிஸ்கட்டை இனாமாகக் கொடுத்தது. இனாமாக வருவதை வேண்டாம் என்று சொல்லக் கையில் நாலு காசு இருக்க வேண்டும். காலையில் பிஸ்கட், பள்ளிக்குப் பிஸ்கட், படுக்கப் போகும்போது தண்ணீரில் ஊறிய பிஸ்கட். உயரத்தில் போனதெல்லாம் அகலத்தில் வந்து சேர்ந்தது. ஏணியின் கன்னம் உப்பியது, மூன்று படி ஏறினால் மூச்சு இரைத்தது, கையை அழுத்தினால் பிசைந்த மாவில் பதிவது போல் விரல் பதிந்து மெல்ல மேலே வந்தது. அந்தத் தெருப் பிள்ளைகளின் வியர்வை இனித்தது. அவர்கள் பள்ளிக்கூடம் போகும்போது பின்னால் எறும்புகளும் வரிசையாகப் போயின, மணி அடிக்கும்வரை வாசலில் காத்திருந்துவிட்டுக் கூடவே திரும்பின. வருடத்துக்கு ஒருமுறை நிர்வாகத்தின் நலத்துறைக் குமாஸ்தா வந்து, மாவு மூட்டை நிறுக்கும் தராசில் பிள்ளைகளை ஏற்றி, ‘போஷாக்கு திருப்தி’ என்று எழுதிக்கொண்டு போனார். தாய்மார்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பொட்டலம் கட்டுகிறவளுக்கு அந்தப் பெருமை அதிக நாள் நிலைக்கவில்லை. மகளின் மூச்சிரைப்புக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் கம்பவுண்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“பதினாறு முடிஞ்சா எலும்பு பூட்டிக்கும்மா. அதுக்கப்புறம் நீ கோடி கோடியா கொட்டினாலும் இவ ஒரு விரல் ஏற மாட்டா.”

தாய் மறுநாளே ஷிப்ட் முடிந்த கையோடு ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புத் துவைக்கச் சேர்ந்தாள். ஐந்து மாதத்தில் மகள் நான்கு விரல் உயர்ந்தாள். கன்னம் வடிந்து தாடை எலும்பு எட்டிப் பார்த்தது, பின்னால் வந்த எறும்புகள் பாதியாகக் குறைந்தன. தாய்க்கு வாயெல்லாம் பல். பாவாடை மடிப்பைப் பிரிக்கும்போது பாட்டுக்கூடப் பாடினாள். பிறகு லாட்ஜ்காரர் துவைக்கிற மெஷின் வாங்கினார். ஏறியது நான்கு விரல், ஒரே வாரத்தில் இறங்கியது ஐந்து. வட்டியும் முதலுமாக எடுத்துக்கொண்டது யார் என்று அவள் யாரைப் போய்க் கேட்பாள்?

பதினாறுக்கு ஒரு மாதம் இருந்தபோது அவளே பதினொரு பெண்களைத் திரட்டினாள். பிஸ்கட் வேண்டாம், பழைய சம்பளத்தைக் கொடுங்கள் என்று கேட்பது, பிள்ளைகளைக் கூட்டிப்போய் மேனேஜர் கண்முன்னே நிறுத்துவது என்று முடிவாயிற்று. ஆனால் பிள்ளைகளைப் பட்டினி போட்டவள் என்று ஒரு மேனேஜர் வாயால் கேட்க அந்தத் தெருவில் யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் பன்னிரண்டு பேரும், ஒருத்திக்கொருத்தி சொல்லாமலே, அன்று காலையில் பிள்ளைகளுக்கு வயிறு முட்ட ஊட்டி, எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, இருப்பதில் நல்ல துணியை உடுத்திக் கூட்டிவந்தார்கள். மேனேஜர் எழுந்து வந்து வரவேற்றார். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றினார். ஏணியின் முறை வந்தபோது முள் அதன் கோடியைத் தொட்டு நின்றது.

“என்னம்மா, இப்படி கொழுகொழுன்னு வளர்த்து வெச்சிருக்கீங்க. இதுக்கு மேல என்ன குறை?”

“உசரம் குறையுதுங்க சார்.”

“உசரத்துக்கு இங்க தராசு இல்லையேம்மா” என்றார் அவர், உண்மையிலேயே வருத்தப்பட்டவரைப் போல. போகும்போது ஆளுக்கு ஒரு பை கூடுதலாகக் கொடுத்தனுப்பினார். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

பதினாறாவது பிறந்தநாளன்று மதியம் மூன்று மணிக்கு ஏணியின் முழங்காலில் பெட்டி பூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு இடுப்பில், பிறகு கழுத்தில். பக்கத்து வீட்டிலும் கேட்டது, அவர்கள் நாகரிகமாக ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். தாய் மகளின் தலையில் கை வைத்துப் பார்த்தாள். தன் விலா எலும்போடு நின்றது. அன்றைக்கு அவள் அழுதாள், அழுதுவிட்டுப் பாவாடை மடிப்பை இனிப் பிரிக்க முடியாதபடி இரட்டைத் தையல் போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை ஏணியும் தெருவில் எலும்பு பூட்டிய மற்றப் பெண்பிள்ளைகளும் பொட்டலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களுக்கென்று தாய்மார்களின் வரிசைக்கு எதிரே பன்னிரண்டு புது மேசைகள் போட்டிருந்தார்கள். வழக்கமான மேசைகளைவிட ஒன்றரைச் சாண் தாழ்வு. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிக்கப் போன தாய், மேசைக் காலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். செய்த தேதி போட்டிருந்தது: மூன்று வருடத்துக்கு முன்னால், சம்பளம் குறைப்பதற்கு முந்தின மாதம். மறுபடியும் படித்தாள். பக்கத்து மேசையின் சீட்டிலும் அதே தேதி. தாளைச் சுருட்டிக் கூடையில் போட்டாள்.

ஏணி மேசையருகே நின்று பார்த்தாள். முழங்கை சரியாகப் பலகையில் உட்கார்ந்தது. மூச்சு இரைக்கவில்லை, குனியவும் வேண்டியிருக்கவில்லை.

“அம்மா, எனக்குன்னே அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கும்மா” என்றாள் சந்தோஷமாக.

தாய் ஆமாம் என்று தலையாட்டினாள். மணி அடித்தது, பெல்ட் ஓடத் தொடங்கியது, இருவரும் பொட்டலம் கட்டினார்கள்.