சுருக்கெழுத்துச் சாட்சி

தூத்துக்குடியில் அன்றைக்குத் தமிழ்ச் சுருக்கெழுத்து தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் போலீஸ் இலாகாவில் இருந்தான். இன்னொருத்தி ஹில்டா. அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான் என்பதை வழக்குப் போட்டவர்கள் யோசித்துப் பார்க்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, நவம்பர் மாதம். கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஹில்டா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினாள். காலையில் தோணி முதலாளிகளுக்கும் கப்பல் ஏஜெண்டுகளுக்கும் கடிதங்கள் அடித்துக் கொடுப்பாள். மாலையில் வகுப்பு. மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தோணிகள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் ஒன்று கேட்டால் பதில் வர நேரமாகும். கேட்டவர் அதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

"ஏளா, ஒன் வாய்க்குள்ள முத்தா வெளையுது? தொறந்தா கொட்டிருமா?" என்று அம்மா கேட்பாள். அதற்கும் பதில் வராது.

சண்டை சப்பரத்தில் தொடங்கியது. துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவர் ரோச், நகரசபை மெம்பரும்கூட. ஹில்டா போகும் அதே கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர். தோணிகளில் நிலக்கரி இறக்குகிறவர்கள் ஒவ்வொருவராக அவர் சங்கத்தில் சேரச் சேர, முதலாளிகள் போய்ப் பங்குச்சாமியாரிடம் முறையிட்டார்கள். அக்டோபரில் மாதா திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில், "சங்கத்தில் சேர்ந்தவன் எவனும் தேவமாதாவின் சப்பரத்தைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே ரோச் கடற்கரையில் கூட்டம் போட்டுப் பதில் பேசினார். மேடைக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, போலீஸ் சுருக்கெழுத்தாளன் செல்வதுரை எழுதிக்கொண்டான்.

நான்காம் நாள் ரோச்சைக் கைது செய்தார்கள். 'சப்பரத்தையும் சாமியாரையும் சேர்த்துக் கடலில் தள்ளுங்கள்' என்று ஜனங்களைத் தூண்டினாராம். கோவில் வேலைகளில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அப்படித்தான் கேட்டதாக அவரிடம் சொன்னார், சாமியார் புகார் எழுதிக் கொடுத்தார், போலீஸார் டைப் அடித்துத் தாக்கல் செய்த பேச்சிலும் அந்த வரி இருந்தது.

ஹில்டா கூட்டத்துக்குப் போகவில்லை. ரோச்சை அவளுக்குப் பிடிக்காது. தெருவில் இரண்டு பேரிடம் பேசுவதைக்கூட இருநூறு பேருக்குக் கேட்கும்படி பேசுகிற மனிதர்.

ரோச்சின் வக்கீல் தாணுலிங்கம் ஒரு மாலை, வகுப்பு முடிந்ததும் மாடியேறி வந்தார்.

"டீச்சர், டைப் அடிச்ச தாளை நான் நம்பல. செல்வதுரை கையால எழுதுன நோட்டைக் கொண்டாங்கன்னு மனுப் போட்டேன். கோர்ட்டுக்கு வந்துட்டு. 'இத வாசிக்க மெட்ராஸ்லேருந்து ஆளு வரணும், ரெண்டு மாசம் ஆகும்'னு இன்ஸ்பெக்டர் நீட்டுதாரு. எதுக்கு மெட்ராஸ், இங்கனயே ஹில்டா டீச்சர் இருக்காகளேன்னேன். அவர் மொகம் போன போக்கை நீங்க பாத்திருக்கணும்!"

ஹில்டா ஜன்னல் வழியே தோணிகளைப் பார்த்தாள். வக்கீல் பொறுமையாக விசிறிக்கொண்டிருந்தார்.

"அவர் அப்படிப் பேசியிருந்தா?" என்றாள் கடைசியில்.

"அப்படியே வாசிங்க. உள்ள போகட்டும். ரோச்கிட்டயும் இதத்தான் சொன்னேன். 'எனக்கு வாய் நீளம்தான் அண்ணாச்சி, ஆனா அத நான் சொல்லல'ங்கான்."

வியாழக்கிழமை விசாரணை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே உபதேசியார் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"சாமி சொல்லியனுப்புனாவ. பொண்ணு கூண்டுல ஏறுனா, ஞாயித்துக்கெழம மூணாம் ஓலை வாசிக்கமாட்டாவளாம்."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, மணமக்கள் பேரைப் பூசையில் வாசித்து, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பது வழக்கம். அதுதான் ஓலை. ஹில்டாவுக்கும் தோணியை ஓட்டிப்போகும் தண்டல் பொனிப்பாசுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது வரும் ஞாயிறு, புதன்கிழமை கல்யாணம். அதைத் தவறவிட்டால் அடுத்த ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் பிறந்துவிடும். பிறகு தை மாதம் வரை கோவிலில் கல்யாணம் கிடையாது. தள்ளிப்போவதுகூடப் பெரிதில்லை. இரண்டு ஓலை வாசித்து மூன்றாவது நின்றுபோன பெண்ணைப் பற்றிக் கடற்கரை என்னவெல்லாம் பேசும் என்பது ஹில்டாவுக்குத் தெரியும். பொனிப்பாஸ் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தான், சனிக்கிழமைதான் திரும்புவான். அவனிடம் கேட்கவும் வழியில்லை. மத்தியானத்துக்குள் அவன் தாயாரே ஆள் அனுப்பிவிட்டாள்: மூணாம் ஓலை நின்றால் சம்பந்தமும் நின்ற மாதிரிதான்.

"அந்த ரோச் ஒனக்கு மாமனா மச்சானா?" என்று அம்மா அழுதாள். "வயித்து வலின்னு படுத்துக்கோ. வியாழன் போயிரும். எந்திரிச்சு வா, புதன்கெழம தாலி கட்டிக்கோ. ஒனக்கென்னளா வந்தது?"

ஹில்டா கடற்கரைக்குப் போனாள். வெயில் தணியாத நேரம். கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு பழைய தோணியின் நிழலில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தன் பேர் வராமல் போவதை நினைத்துப் பார்த்தாள். பெண்கள் பக்கம் முக்காடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். அந்தக் காட்சியை முழுவதும் பார்த்து முடிக்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

பிறகு அந்த நோட்டை நினைத்தாள். எட்டு மாதம் செல்வதுரைக்கு அவள் சொல்லிக்கொடுத்தது கோடும் புள்ளியும் மட்டுமில்லை. காதில் விழுந்ததை எழுது, உனக்குப் பிடித்ததை எழுதாதே என்று தினமும் சொல்லியிருக்கிறாள். அவன் எழுதியது அந்த நோட்டில் கிடக்கிறது. அவள் போய் வாசிக்காவிட்டால், டைப் அடித்தவன் நினைத்ததுதான் ரோச் பேசியதாகிவிடும். ரோச்சைப் பிடிக்கும், பிடிக்காது என்பதற்கு அங்கே இடமே இல்லை. இதை யோசித்து முடித்தபோது நிழல் அவளைத் தாண்டித் தண்ணீர் வரை போயிருந்தது.

வியாழக்கிழமை கோர்ட்டு வளாகம் முழுக்க நிலக்கரிக் கறுப்பு. வேலைக்குப் போகாமல் சங்கத்து ஆட்கள் வந்து நின்றார்கள். உள்ளே முன்வரிசை நாற்காலியில் சாமியார், பக்கத்தில் உபதேசியார். சுவரோரம் செல்வதுரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

மாஜிஸ்திரேட் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மழையில மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கே. இதை வாசிக்க முடியுமா அம்மா?"

"முடியும், ஐயா."

"இந்த அம்மா ரோச் இருக்கிற தெரு," என்று சர்க்கார் வக்கீல் எழுந்தார். "எதை வேணும்னாலும் வாசிப்பாங்க. நமக்கென்ன தெரியும்?"

"அது எனக்கும் தோணுது," என்றார் மாஜிஸ்திரேட். "பார்ப்போம். வாசியுங்க."

ஹில்டா நோட்டை வாங்கிப் பிரித்தாள். செல்வதுரையின் கையெழுத்து. வேகம் கூடினால் கோடுகள் வலப்பக்கம் சாயும். சிரிப்பு வந்த இடத்தில் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். அவள் வாசிக்கத் தொடங்கினாள். பேச்சு ரோச்சினுடையது, குரல் அவளுடையது.

"'சப்பரம் தூக்க எங்க தோளு வேண்டாமாம். நல்லது. முதலாளிமாரே தூக்கட்டும். பத்தடி தூக்கிட்டு வரட்டும், நான் சங்கத்தக் கலச்சிருதேன்.' சிரிப்பு. 'மாதா எங்களுக்கும் தாய்தான். தாயைத் தூக்கக்கூடாதுன்னு மகன்கிட்டச் சொல்ல இவரு யாரு? முதலாளி அனுப்புத சீலா மீன இவரு திங்காரு. முள்ள மட்டும் பிரசங்கத்துல நம்ம பக்கம் துப்புதாரு.' சிரிப்பு."

கோர்ட்டிலும் சிரிப்பு வந்தது. பெஞ்சு கிளார்க் அதட்டினார். சாமியாரின் முகம் சிவந்துவிட்டது.

ஹில்டா பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த வரியில் கண் பட்டதும் நின்றாள்.

மாஜிஸ்திரேட் காத்திருந்தார். அந்த வரியில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். செல்வதுரை தலையை இன்னும் குனிந்துகொண்டான். பேசிய ரோச்சுக்கே அது மறந்துபோயிருந்தது. தாண்டிப் போகலாம். தாண்டினால் கேட்பார் கிடையாது.

"'இங்கன ஒரு டீச்சரம்மா இருக்கா,'" என்று ஹில்டா வாசித்தாள். "'காலையில முதலாளிக்குக் கடுதாசி அடிக்கா. ஞாயித்துக்கெழம கோவில்ல பாட்டுப் படிக்கா. ரெண்டுக்கும் ராகம் ஒண்ணுதான். முதலாளி விசிலடிச்சா இவ வாயத் தொறப்பா, மத்தபடி ஊமை.' பெருஞ்சிரிப்பு."

ஒருவரும் சிரிக்கவில்லை. கூண்டுக்குள் ரோச், அடிபட்டவர் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"யார் அந்த டீச்சர்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"நான்தான், ஐயா."

"நோட்டில் அப்படி இருக்கிறதா?"

"இருக்கு. அதான் வாசிச்சேன்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு சர்க்கார் வக்கீலைப் பார்த்தார். சர்க்கார் வக்கீல் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

மிச்சம் நாலு பக்கம் இருந்தது. ஹில்டா கடைசி வரை வாசித்தாள். கடற்கரையில் நின்று பேசிய அந்தப் பேச்சில் கடல் என்ற சொல்லே ஓர் இடத்திலும் வரவில்லை.

செல்வதுரையைக் கூப்பிட்டார்கள். "அந்த அம்மா வாசித்தது சரியா?"

அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான், பிறகு ஹில்டாவைப் பார்த்தான். "ஒரு எடத்துல தப்பு, ஐயா."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அஞ்சாம் பக்கத்துல 'கைதட்டல்'னு போட்டிருக்கேன். டீச்சர் விட்டுட்டாங்க."

வெளியே ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட்டே சிரிப்பை மறைக்கக் கையால் வாயை மூடிக்கொண்டார். "அப்படியானால் டைப் அடித்த தாள்?"

"நான் அடிக்கல, ஐயா. கையெழுத்துப் போடுன்னாங்க. போட்டேன்." அவன் தொப்பியை மேஜை மேல் வைத்தான். "போட்டிருக்கக் கூடாது."

மத்தியானத்துக்குள் ரோச் விடுதலை. "காது கூசும் பேச்சு," என்றார் மாஜிஸ்திரேட். "ஒரு குருவானவரைப் பற்றி இப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஆனால் காது கூசுவதற்கெல்லாம் ஒருவனை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது."

வெளியே ரோச்சைத் தோளில் தூக்கினார்கள். அவர் திமிறி இறங்கி ஹில்டாவின் முன்னால் வந்து நின்றார். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"டீச்சர், மன்னிச்சுக்கிடணும். வாய்க்கு வந்தது..."

"பேசலாம் அண்ணாச்சி. ஒங்க வாய்," என்றாள் ஹில்டா. "மன்னிக்கிறதுக்கு எனக்குக் கொஞ்ச நாளாகும்."

கூட்டம் ஓவென்று கத்தியது. அவள் வாயிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு சொந்தப் பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை.

மறுநாள் மாலை, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வாசலில் சாமியார். படியேறிய மூச்சு வாங்கியது.

"தோத்திரம் சாமி," என்று எல்லோரும் எழுந்தார்கள். அவர் கையசைத்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். நெடுநேரம் டைப்ரைட்டர் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹில்டாவுக்கு அது சங்கடமாகவே இல்லை.

"ஒன்னப் பத்திச் சொன்னத ஏன் வாசிச்ச பிள்ளே? விட்டிருக்கலாமே."

அவள் யோசித்தாள். "அத விட்டா, ஒங்களப் பத்திச் சொன்னதையும் விடணும் சாமி. விட ஆரம்பிச்சா, அவர் சொல்லாததச் சேக்கிறவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

சாமியார் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா, களைப்பா என்று தெரியவில்லை. "உபதேசியார நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மீன் முள்ளு நேத்துலேருந்து தொண்டையில நிக்கிது. பொய்யுன்னு துப்பவும் முடியல."

எழுந்து போனார். ஓலையைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை தோணி வந்தது. துறைமுகத்திலேயே எல்லாம் கேட்டுக்கொண்டு பொனிப்பாஸ் நேராக வந்தான். "எங்கம்மா குதிச்சுக்கிட்டு நிக்கா. குதிக்கட்டும்," என்றான். "நீ நாளைக்குப் பூசைக்கு வருவியா?"

"வருவேன்."

"முன்னாடி உக்காரு. நானும் முன்னாடிதான் இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை கோவில் கொள்ளவில்லை. பூசைக்கு வராத ஆட்கள்கூட வந்திருந்தார்கள். நிலக்கரி இறக்குகிறவர்கள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பின்வாசல் வரை நின்றார்கள். ஹில்டா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முதல் வரிசையில் மண்டியிட்டிருந்தாள். அம்மாவின் ஜெபமாலை பக்கத்தில் கிடுகிடுவென்று நகர்ந்தது.

சாமியார் பிரசங்க மேடையில் ஏறித் தாளை விரித்தார். ஒரு கல்யாணம் வாசித்தார். இரண்டாவது வாசித்தார். அத்தோடு நிறுத்தினார். தாளைப் பார்த்தபடியே நின்றார். முக்காடுகள் திரும்பத் தொடங்கின. ஹில்டா குனியவில்லை.

"மூன்றாம் ஓலை," என்றார் சாமியார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தப் பங்கைச் சேர்ந்த ஹில்டாவுக்கும், தண்டல் பொனிப்பாசுக்கும்."

பிறகு வழக்கமான கேள்வி. தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே அறிவிக்கக் கடவர்கள். வழக்கமாக அதைச் சொன்ன வேகத்தில் அடுத்ததற்குப் போய்விடுவார். அன்று போகவில்லை. தாளிலிருந்து கண்ணை எடுத்து, முதலாளிகளின் வரிசையைப் பார்த்தார், உபதேசியாரைப் பார்த்தார், பின்வாசல் வரை பார்த்தார். யாரும் இருமக்கூட இல்லை. அத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து மௌனமாக இருந்ததை ஹில்டா அதற்கு முன் கேட்டதில்லை. அது முடிய வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு.

"தடை இல்லை," என்றார் சாமியார், உரக்க. அது தாளில் எழுதியிருந்த வாசகம் இல்லை.

அம்மா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "அழாதளா, எல்லாரும் பாக்காவ," என்றாள். ஹில்டா அழவில்லை. அம்மாவின் முக்காடுதான் நனைந்திருந்தது.