சிவப்பு அம்பு

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு உண்ட கையோடு அருள்குமார் அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து ஜன்னலோர மேசையில் வைத்தான். வெள்ளிக்கிழமையே கூரியரில் வந்துவிட்டதுதான். ஆனால் வெளிச்சம் நன்றாக விழுகிற ஞாயிறு மத்தியானம் வரைக்கும் அவன் பிரிக்கமாட்டான். பெட்டிக்குள் இருப்பது வெய்ரா, ஒரு வீடியோ கேமில் வில்லோடு திரியும் வேட்டைக்காரி. ஒரு சாண் உயரச் சிலை. பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், ஃபிகர் என்றுதான் சொல்லவேண்டும். இப்படி வருகிற ஃபிகர்களைப் பிரித்துக் காட்டி, குறை நிறை சொல்வதற்கென்றே ஒரு யூடியூப் சேனல் வைத்திருந்தான். நிறை என்பது சும்மா பேச்சுக்கு. மனுஷனுக்குக் குறை கண்டுபிடிப்பதென்றால் சோறு தண்ணி வேண்டாம்.

பிழைப்பும் அதுதான். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வருகிற பீஸில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சரிசெய்ய முடிந்தது ஆல்டர் என்று தையலுக்குத் திரும்பும், முடியாதது ரிஜெக்ட். அந்த ஸ்டிக்கரில் ஒரு சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃபிகர்களின் மேல் குறை இருக்கும் இடத்தில் ஒட்டிக்காட்ட ஆரம்பித்தான் பாருங்கள், சேனல் பிய்த்துக்கொண்டு போனது. அம்பு அண்ணன் என்று பேரே விழுந்துவிட்டது. கம்பெனி கேண்டீனில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது.

கேமரா அவன் மகள் பூங்குழலி. ஒன்பதாவது படிக்கிறாள். ஸ்டாண்ட் ஒன்று வாங்கி மூலையில் கிடக்கிறது, அவள் கைக்கு முன்னால் அது நிற்காது. போனை அவள் பிடித்தால் துளி ஆடாது. நீயும் ஒரு தடவை முன்னால் வந்து ஒரு வணக்கம் சொல் கண்ணு என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டான். மாட்டாள். அவளுக்குப் பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது. கோயம்புத்தூரில் இரண்டு ஆபரேஷன் செய்து சேர்த்தாயிற்று, பேச்சும் சுத்தமாக வந்துவிட்டது. ஆனாலும் இடது பக்கம் உதடு கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். அங்கிருந்து மூக்குவரை ஒரு கோடு போகும்.

கொரோனா வந்தபோது ஊரே மாஸ்க்கைச் சபித்தது, நாலாவது படித்துக்கொண்டிருந்த அவள் ஒருத்தி மட்டும் சந்தோஷப்பட்டாள். அருள்குமார்தான் கட்டிங்கில் மிஞ்சிய நீலத் துணியில் அவள் அளவுக்கு நாலைந்து தைத்து வாங்கிவந்தான். நூல் பிரிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து அவனே பாஸ் பண்ணினான். ஊர் கழற்றி எறிந்த பிறகும் அவள் கழற்றவில்லை. எட்டாவது சேர்ந்த அன்றைக்குத்தான், யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், அதை பீரோவில் வைத்துவிட்டு வெறும் முகத்தோடு ஸ்கூல் வேனில் ஏறினாள். அவள் அம்மா கோமளா வாசலில் நின்று அழுதாள். அருள்குமார் தன் செக்கிங் டேபிள் ஆட்களுக்கெல்லாம் டீயும் பப்ஸும் வாங்கிக் கொடுத்தான். என்ன விசேஷமுங்க என்று கேட்டவர்களுக்குச் சிரித்துக்கொண்டே சும்மாதான் என்றான். இத்தனையும் தெரிந்த மனுஷன்தான் அவன்.

வெய்ராவைக் கேட்டதும் பூங்குழலிதான். அந்த கேமை அவள் விளையாடுவாள். வெய்ரா மூக்குக்குக் கீழே துணி கட்டியே இருப்பாள், அவள் முகத்தை ஆட்டத்தில் யாருமே பார்த்தது கிடையாது. அவள் அம்பு மட்டும் குறி தப்பாது. இந்த ஃபிகரில் அந்தத் துணியைத் தனியாகக் கழற்றலாம் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது.

"வணக்கமுங்க, உங்க அம்பு அண்ணன் பேசறேனுங்க" என்று ஆரம்பித்தான். உள்பக்கக் கதவோரம் உட்கார்ந்து கோமளா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் போட்ட காலிப் பெட்டியைப் பின்னால் நிறுத்தி, அதற்கு முன்னால் வெய்ராவை நிற்க வைத்தான். வில், நாண், இடுப்புக் கச்சை, பூட்ஸ் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குறை ஒன்றும் சிக்கவில்லை. சுருளில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அவனுக்குக் கை அரித்தது.

"செரி, இப்ப இந்த மூஞ்சித் துணியக் கழட்டிருவமுங்களா?"

"கழட்ட வேண்டாமுங்கப்பா" என்றாள் பூங்குழலி, போனுக்குப் பின்னாலிருந்து.

"பாத்தீங்களா, நம்ம கேமராமேனே பயப்படறாங்க" என்று சிரித்துக்கொண்டே நகத்தால் நெம்பி எடுத்தான்.

கிடைத்துவிட்டது. வாய்க்குப் பெயிண்ட் அடித்தவன் கை தவறியிருந்தது. மேலுதட்டுச் சிவப்பு ஒரு பக்கம் மேலேறி மூக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"அட கெரகமே! ஒதடப் பாருங்க. இத்தன நாளு எதுக்கு மூடி வெச்சிருந்தாங்கன்னு இப்பத்தானுங்க தெரியுது! கிட்ட வா கண்ணு, அந்தக் கோணல் நல்லாத் தெரியட்டும். இன்னுங் கிட்ட வா."

போன் கிட்டே வந்தது.

"இந்த மூஞ்சிய எப்படீங்க ஷெல்ஃப்ல நிக்க வெக்கறது? ஆல்டரும் ஆகாதுங்க. ரிஜெக்ட்!" என்று சிவப்பு அம்பை உதட்டின் மேலேயே ஒட்டினான்.

கோமளா மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். இவன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நல்லா வந்திருக்குதா கண்ணு?"

"வந்திருக்குதுங்கப்பா." போனை மேசையில் வைத்துவிட்டு அவளும் போய்விட்டாள்.

வெட்டி ஒட்டுவதற்காக வீடியோவை ஓடவிட்டான். தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டான். கிட்ட வா கண்ணு என்ற இடம் வந்தது. வெய்ராவின் வாய் பெரிதாகிக்கொண்டே வந்தது. துளிகூட ஆடவில்லை. அதற்குப் பின்னால், காலிப் பெட்டியின் பிளாஸ்டிக்கில், ஜன்னல் வெளிச்சத்தில் பூங்குழலி தெரிந்தாள். ஒரு கையில்தான் போனைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

அருள்குமார் வீடியோவை நிறுத்தினான். இன்னொரு தடவை ஓடவிட்டால் வேறு மாதிரி இருந்துவிடாதா என்று பைத்தியக்காரன் போல இன்னொரு தடவையும் பார்த்தான். அதே கை, அதே வாய். ச்சீ, இதெல்லாம் ஒரு பொழப்பா, நானெல்லாம் ஒரு அப்பனா என்று தன் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. நாலாயிரம் பேருக்குக் குறையைக் காட்டத் தெரிந்தவனுக்கு எதிரே நிற்பது யாரென்று தெரியவில்லையே. வீடியோவை அழித்தான். அழித்து என்ன செய்ய, பார்க்கக் கூடாதவள்தான் அதைப் பிடித்ததே.

அம்பையாவது எடுத்துவிடலாம் என்று ஓரத்தைக் கிள்ளி இழுத்தான். ஸ்டிக்கரோடு உதட்டுச் சாயமும் உரிந்து வந்துவிட்டது. வெய்ராவுக்கு மூக்குக்குக் கீழே வெறும் வெள்ளைத் தழும்பு நின்றது. அதைக் கையில் பிடித்தபடியே மகள் அறைக்குப் போனான். கோமளா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், இவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பூங்குழலி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணு... அப்பா இந்தப் பொம்மையத்தான் சொன்னேன்."

சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்கவே கூடாது என்று உறைத்தது.

"தெரியுங்கப்பா" என்றாள். கோபமாகக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் காலிலாவது விழுந்திருப்பான். "இதைத் திருப்பி அனுப்பிருவீங்களா?"

"இல்ல கண்ணு. இது உனக்குத்தான்."

அவள் வெய்ராவை வாங்கி, உரிந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள். மேசையில் விட்டுவந்த துணியைக் கேட்டாள். ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தான். மூக்குக்குக் கீழே பொருத்தி, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

"இப்பத் தெரியாதுங்கப்பா" என்றாள்.

மறுநாள் காலையில் வேன் ஹாரன் அடிக்கும்போது அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். ராத்திரி முழுக்கத் தேடி ஒரு வார்த்தை எடுத்து வைத்திருந்தான், வேனில் ஏறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று. பூங்குழலி ரெட்டைச் சடையோடு, பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நீல மாஸ்க் போட்டிருந்தாள். சாயம் வெளுத்திருந்தது. நாலாவது படித்தபோது தைத்தது, மூக்கை மூடினால் தாடைக்கு எட்டவில்லை. "போயிட்டு வரேனுங்கப்பா" என்று சொல்லி அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாடா இழுத்ததில் இரண்டு காதுகளும் முன்னால் மடங்கியிருந்தன. வேன் கிளம்பியதும் எப்போதும் போல அவனைப் பார்த்துக் கையாட்டினாள்.