கார் வைத்திருக்கும் ஏழைக்கு எத்தனை மதிப்பெண்?

1

இந்தக் கதை தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்குக் காத்திருந்தபோது என் காதில் விழுந்தது. காதில் விழுந்தது என்பது மரியாதைக்காகச் சொல்வது. பக்கத்து நாற்காலிப் பெண்மணியின் வாயைக் கிளறி நானே பிடுங்கிக்கொண்டேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அமெரிக்கப் பசங்க எழுதற கட்டுரைக்கு மார்க் போடறேன்."

"என்ன பாடம்?"

"வறுமை."

அதற்குள் இலை போட்டுக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் அகப்படாமல் திரிந்துகொண்டிருந்தவனுக்குச் சாம்பார் ஒரு பொருட்டா?

கதையைத் தர அவர் இரண்டு நிபந்தனை போட்டார். பெயரை மாற்ற வேண்டும். "அப்புறம், என்னை நல்லவளா மட்டும் காட்டிடாதீங்க." முதலாவதை உடனே செய்துவிட்டேன், இனி அவர் ஈவ்லின். இரண்டாவது கஷ்டம். நடுத்தர வர்க்கப் பெண்ணை நல்லவளாகக் காட்டாமல் கதை எழுதினால் எந்தப் பத்திரிகை போடும்?

2

முதல் தொடக்கம்: "கோபுரத்துப் புறாக்கள் படபடத்தெழுந்த அந்த மயிலாப்பூர்க் காலையில்—"

(நிறுத்திவிட்டேன். ஈவ்லின் மயிலாப்பூர்தான், ஆனால் கடற்கரைப் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பம். அந்தப் புறாக்களுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மயிலாப்பூர் என்றதும் கை தானாகப் புறாவைத் தேடுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: "வறுமை ஓர் உலகப் பொதுமொழி. அதற்கு—"

(எழுதும்போதே கொட்டாவி வந்தது. தவிர, இது பொய். பொதுமொழியாக இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.)

2, மறுபடியும்

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு கல்லூரி. அதில் ஒரு பாடம்: அமெரிக்கச் சமூகத்தில் வறுமை, கல்வி, ஏற்றத்தாழ்வு. பேராசிரியர் ஒருமுறை காமிராவைப் பார்த்துப் பேசிவிட்டுப் போய்விட்டார். அந்த வீடியோவை ஊரெல்லாம் உட்கார்ந்து பார்த்துப் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். கட்டுரைகள் கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் மாடிக்கு வந்து சேருகின்றன. அங்கே திருத்தினால் செலவு குறைவு. ஏற்றத்தாழ்வைப் பற்றிய பாடத்தை நடத்த ஏற்றத்தாழ்வு இவ்வளவு கைகொடுக்கும் என்று பேராசிரியரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மாணவர்களுக்கு இது தெரியாது. திரையில் "ஆசிரியர் குழு" என்று மட்டும் வரும். நடுநிலை கெடக்கூடாது என்று இந்தப் பக்கத்துக்கும் மாணவர் பெயர் காட்ட மாட்டார்கள்.

ஈவ்லின் சமூகவியல் எம்.ஏ. பள்ளிக்கூட வேலையை விட்டு இங்கே வந்தவர். மாடியில் இருப்பவர்களில் அமெரிக்காவைப் பார்த்தது முதலாளி சேரன் ஒருவர்தான். அக்கா பையனின் பட்டமளிப்பு விழாவுக்குப் போனார். போன இடத்தில் வறுமையைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்று வருத்தத்தோடு சொல்வாராம்.

3

ஒரு மாணவியின் கட்டுரை வந்தது. உன் வாழ்க்கையிலிருந்து வறுமையை விளக்கு என்பது கேள்வி. அம்மாவும் மகளுமாக இரண்டே பேர், அம்மாவுக்குக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை, வாடகை கட்டுப்படியாகவில்லை, நாங்கள் ஏழைகள் என்று எழுதியிருந்தாள். ஒரு பத்தியில் "எங்கள் காரில்" என்று வந்தது. இன்னொன்றில் தினமும் காலையில் ஜிம்முக்குப் போவதாக வந்தது. சாப்பாடு மூன்று வேளையும் கடையில்.

ஈவ்லின் பேனாவை மூடி வைத்தார். (பேனா கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். ஆனால் 'மவுஸை விட்டுக் கையை எடுத்தார்' என்பதில் கம்பீரம் வரவில்லை.)

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஈவ்லின் தன் பகுதிச் சர்ச்சின், அதாவது பங்குக் கோயிலின், உதவிக் குழுவில் இருக்கிறார். படிப்புச் செலவுக்கு உதவி கேட்கும் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரில் போய், நிஜமாகவே ஏழைதானா என்று பார்ப்பது அந்தக் குழுவின் வேலை. ஃபிரிட்ஜ் இருக்கிறதா, வாசலில் வண்டி நிற்கிறதா, போர்வைக்குள் டிவி ஒளிந்திருக்கிறதா? போர்வைக்குள் இருக்கும் டிவியை வாசலில் நின்றபடியே கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பங்குச் சாமியாரே மெச்சியிருக்கிறார்.

பக்கத்து மேசை சிம்ரா எட்டிப் பார்த்தாள். ராயப்பேட்டைப் பெண்.

"இன்னாக்கா, காரு கீது, ஜிம்மு கீது, மூணு வேளையும் ஓட்டல் சாப்பாடு. இந்த மாதிரி ஏழை எங்க தெருவுல கெடைச்சா, எங்கம்மா என்னைக் கட்டிக் குடுத்துரும்."

மாடி முழுக்கச் சிரித்தது. சிரித்தபடியே ஈவ்லின் குறிப்பு எழுதினார்: "கார், உடற்பயிற்சிக்கூடம், அன்றாட உணவகச் சாப்பாடு. வறுமை நிறுவப்படவில்லை. சான்று தேவை." மதிப்பெண்ணைத் தேறாத இடத்தில் வைத்து அனுப்பினார். காபி சாப்பிடக் கீழே போனார்.

4

மேல்முறையீடு வந்தது. நல்ல கட்டுரையாளர்களுக்கு வாய்க்காத சுருக்கம் அதில் இருந்தது. அப்படியே தருகிறேன்.

"நாங்கள் காரில்தான் தூங்குகிறோம். ஜிம்மில் நான் பயிற்சி செய்வதில்லை, குளிக்கிறேன். காரில் அடுப்பு இல்லை. வகுப்பில் எல்லோரும் படிக்கும் கட்டுரையில் இதை உடைத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த ஊரில் இருக்கும் யாருக்கும் சொல்லாமலே புரியும் என்று நினைத்தேன். இந்தப் பாடத்தில் தேறாவிட்டால் என் கட்டணச் சலுகை போய்விடும். அதோடு படிப்பும்."

ஈவ்லினுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்கு மேல் அலங்காரமாக எழுத எனக்கு இஷ்டமில்லை. அசிங்கமாக இருந்தது சார் என்றார் என்னிடம். மோர்சாதத்துக்கு வந்துவிட்ட பந்தியின் சத்தத்தில் அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

5

இப்போது சேரன். இவரை வில்லனாக்கலாம் என்று ஒரு முழுப் பக்கம் எழுதிப் பார்த்தேன். மோதிரம் போட்டுவிட்டேன், கழுத்தில் சங்கிலி போட்டுவிட்டேன். எதுவும் நிற்கவில்லை. பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் கேக் வாங்கித் தருகிற மனிதர். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

"சார், மார்க்கை மாத்தணும். நான் தப்புப் பண்ணிட்டேன்."

"ஈவ்லின் மேடம், மாத்தினா காரணம் எழுதணும். அது நேரா அமெரிக்காவுல காலேஜுக்கும் பசங்களுக்கும் போகும். எங்க உட்கார்ந்து யார் திருத்தறாங்கன்னு நோண்டுவாங்க. இந்த வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும், தெரியுமில்ல?"

"அந்தப் பொண்ணு படிப்பு போயிடும் சார்."

"இங்க மாடி முழுக்க வேலை போயிடும். நம்ம வேலை வறுமையை ஒழிக்கறதில்ல மேடம். மதிப்பீட்டு விதிப்படி பாக்கறது. சான்று இல்லைன்னு எழுதினீங்க. சான்று இல்லதானே? ரெடிமேட் பதில் ஒண்ணு இருக்கு, போட்டு விடுங்க."

ரெடிமேட் பதில் இப்படித் தொடங்கியது: "உங்கள் சூழ்நிலையை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்."

"புரியலையே சார். அதனாலதானே இவ்ளோ பிரச்சினை?"

சேரனுக்குக் கோபம் வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடுங்க என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

சிம்ரா நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. "அக்கா, நீ பண்றது கரெக்டுதான். ஆனா எங்க வீட்ல என் சம்பளத்துலதான் ஓடினுகீது. அதையும் யோசிச்சுக்கோ."

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

(அ) ஈவ்லின் மதிப்பெண்ணைத் திருத்தி, ராஜினாமாவை மேசையில் வைத்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு கோபாலபுரம் வீதியில் நடக்கிறார். மழை. (என் பதிப்பாளருக்கு மழை பிடிக்கும். ஆனால் நிபந்தனையை மீறியதாகிவிடும். சிம்ராவின் வீடு என்ன ஆயிற்று என்று மழையில் நடப்பவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.)

(ஆ) ரெடிமேட் பதில் போகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. கேக். (உண்மைக்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்று சந்தேகிக்கிறேன். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

(இ) பல வருஷம் கழித்துச் சென்னை விமான நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், "நீங்கள்தானே என்னுடைய—" (அந்தப் பெண் வெள்ளை என்று எனக்கு யார் சொன்னது? கட்டுரையில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஈவ்லினைப் பார்த்துச் சிரித்த எனக்கும் சான்று தேவை.)

என்னதான் செய்தீர்கள் என்று அவரையே கேட்டேன். கைகழுவப் போகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். "எதைச் செஞ்சிருந்தாலும் நீங்க என்னை நல்லவளாவோ கெட்டவளாவோ ஆக்கிடுவீங்க," என்றார். காரணம் என்ற கட்டத்தில் என்ன அடித்தார் என்பதை மட்டும் சொன்னார். பிறகு அடுத்த பந்திக்குப் போய்விட்டார்.

ஆகவே ஈவ்லினை அந்தத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். மதிப்பெண் கட்டத்தில் புதிய எண். அதற்குக் கீழே, காரணம்: "கட்டுரையில் குறையில்லை. இதைத் திருத்தியவர் உங்கள் ஊரில் இல்லை. ஏழைகளைச் சோதிப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு."

அனுப்பு என்று ஒரு பொத்தான், அழி என்று ஒரு பொத்தான். சிம்ரா திரையைப் பார்க்காமல் தன் வேலையைப் பார்ப்பது போல இருக்கிறாள். சேரன் சாப்பிட்டு முடித்து மாடிப்படி ஏறி வருகிறார். மவுஸ் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.