பஹ்மி நானா நீர்வீழ்ச்சி எடுத்த நாள்

கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பஹ்மி, எந்தச் சாமானையும் முதல் கடையில் எடுக்காதவர். செருப்பானாலும் சரி, சீமெந்தானாலும் சரி, முதல் கடைக்காரன் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "இன்னம் ரெண்டு எடம் பாத்திட்டு வாறேன்" என்று படியிறங்கினால்தான் அவருக்கு மூச்சே வரும்.

பெண் பார்க்கப் போனபோதும் அதே கதைதான். அக்குறணையில் முதல் வீட்டில் பார்த்த மஸீனாவை அவருக்கு நன்றாகவே பிடித்துப்போயிற்று. ஆனாலும் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, "பாத்துச் செல்லுறோம்" என்று எழும்பி வந்தார். வேறு இரண்டு வீடுகளில் வட்டிலப்பம் சாப்பிட்டார். மூன்றாம் கிழமை முதல் வீட்டுக்கே திரும்பிப் போனபோது மஸீனாவின் வாப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் வியாபாரிதான். திரும்பி வந்த ஆளிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும். முதல் நாள் சீதனப் பேச்சில் இருந்த மாடி வீட்டில், இரண்டாம் நாள் பேச்சில் மாடியைக் காணவில்லை.

அப்படி மாடியில்லாமல் தொடங்கிய குடும்பத்துக்கு இப்போது இருபத்திரண்டு வயது. இத்தனை வருஷத்தில் மஸீனா கேட்டது ஒன்றே ஒன்று: நீர்வீழ்ச்சியில் இருவரும் கால் நனைத்துக்கொண்டு ஒரு படம். இருவரும் சேர்ந்து நிற்கும் படங்கள் எல்லாவற்றிலும் பின்னால் துணி ரோல்தான் நின்றது. ஒன்றில் இருவரின் தலைக்கும் நடுவே 'கடன் இல்லை' என்ற பலகையும் விழுந்திருந்தது.

பௌர்ணமிப் போயா விடுமுறை நாளன்று கடை பூட்டு. விடியற்காலையில், சோற்றுப் பார்சல்களைக் கட்டிக்கொண்டே மஸீனா சொன்னாள்:

"இண்டைக்குப் பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு செல்ல முந்தி ரெண்டு பேரும் தண்ணில நிக்கணும். இல்லாட்டி அடுத்த போயாவுக்கு நான் றலியாட வேன்ல போறேன். ஷிஹாப் மச்சான் எப்பவோ கூப்பிட்டாச்சு."

றலியா, மஸீனாவின் தங்கை. ஷிஹாப் அவள் கணவர். அவருக்கும் துணிக்கடைதான், அதுவும் மாடியோடு. போகிற இடமெல்லாம் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டு மற்றவர்களின் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறவர். அந்த ஷிஹாப் இரக்கப்பட்டு மஸீனாவுக்கு நீர்வீழ்ச்சி காட்டுவதைவிடத் தன் கடையையே அவர் பேருக்கு எழுதிவிடலாம் என்று பஹ்மிக்குத் தோன்றியது.

யுகேஷின் வேனைப் பேசியிருந்தார்கள். யுகேஷ் பன்விலத் தோட்டத்துப் பையன். அந்த மலையில் எந்த வளைவில் எந்த நாய் படுத்திருக்கும் என்பதுவரை அவனுக்குத் தெரியும். முன்னால் பஹ்மி, பின்னால் மஸீனாவும் மகள் இல்மாவும். வத்தேகம, பன்வில தாண்டி ஒன்பது மணிக்கெல்லாம் ஹுலுகங்கை நீர்வீழ்ச்சிக்கு வந்துவிட்டார்கள்.

வெயில் இதமாக இருந்தது. முந்தின நாள் மழையில் தண்ணீர் வெள்ளை வெளேரென்று இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லை. ஓரத்தில் வடைக்கடை வைத்திருந்த அங்கம்மா எழும்பி வந்தாள்.

"வாங்கய்யா, வாங்க தங்கச்சி. கடைக்குப் பின்னாலயே எறங்குங்க. ஆழமில்ல, நல்ல பாறை இருக்கு. எனக்கு ஒண்ணும் குடுக்க வேணாம், சும்மா எறங்குங்க."

'சும்மா' என்ற சொல்லைக் கேட்டதும் பஹ்மியின் காது நிமிர்ந்தது. சும்மா கொடுக்கிற துணியில் எங்கோ ஓட்டை இருக்கும். கழுத்தைச் சாய்த்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, நீர்வீழ்ச்சியை மேலிருந்து கீழாக ஒருமுறை, இடமிருந்து வலமாக ஒருமுறை அளந்தார்.

"ஒயரம் கொஞ்சம் கொறவு போல?"

"நானா, தண்ணி இப்பதான் நல்லா இருக்கு," என்றான் யுகேஷ். "பின்னேரம் மிஸ்ட் வந்துரும்."

"நீ ட்ரைவரா, புரோக்கரா?"

மஸீனா அதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்திருந்தாள்.

"போடு, போடு, செருப்பப் போடு. இன்னம் ரெண்டு பாத்திட்டு வருவோம்."

"பாத்துட்டு வாங்கய்யா," என்றாள் அங்கம்மா. "போயிட்டுத் திரும்பி வர்றவங்க எனக்குப் புதுசில்ல."

இரண்டாவது நீர்வீழ்ச்சிக்குத் தேயிலைக்குள்ளால் அரை மணிநேரம் நடை. அகலம் திருப்தி, ஆனால் சத்தம் போதாது என்றார் பஹ்மி. அப்போது அவர் கெண்டைக்காலில் ஓர் அட்டை காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தது. அதற்கு இந்த முதல் கடைக் கொள்கை கிடையாது. இல்மா அதைப் பல கோணங்களில் படமெடுத்தாள்.

மூன்றாவதில் உயரமும் இருந்தது, சத்தமும் இருந்தது, கூடவே மூன்று பஸ் சனமும் இருந்தது. தண்ணீரைவிடத் தலைகள் அதிகம்.

"இவ்வளவு சனம் ஏறின கடைல நமக்கு மதிப்பில்ல," என்று வேனைத் திருப்பச் சொன்னார்.

நான்காவது இடம் மலையுச்சி. அங்கே ஒரு முழு ரோல் வெள்ளைத் துணியை உதறி விரித்ததுபோல எல்லாப் பக்கமும் மூடுபனி.

"இதுக்குப் பின்னால ரெண்டு நீர்வீழ்ச்சி இருக்கு நானா."

"எங்க?"

"இதுக்குப் பின்னால."

"சாமானக் காட்டாம என்னடா வியாபாரம்?"

நல்ல இடம் பார்த்துச் சாப்பிடலாம் என்று காலையிலிருந்து தள்ளிப்போட்ட சோற்றுப் பார்சல்களை, மூன்று மணிக்கு வேனுக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பிரித்தார்கள். இல்மாவின் தொலைபேசி கிணுகிணுத்தது.

"வாப்பா, ஷிஹாப் சாச்சா கேக்கிறாரு, படம் எங்கேண்டு. அட்ட கடிச்ச படத்தப் போடவா?"

பஹ்மி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மஃரிபுக்கு மூன்று மணிநேரம்தான் இருந்தது. அப்போதுதான் மஸீனா கையைத் துடைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னாள்:

"வீட்ட போவோம்."

"என்னது?"

"ஒண்டும் சரியில்ல. காலைல பாத்தது பரவால்லண்டு நெனச்சேன். யோசிச்சுப் பாத்தா நீங்க செல்லினது சரி. ஒயரம் கொறவு. அகலமும் பத்தாது."

இருபத்தைந்து வருஷமாகக் கல்லாவுக்கு எதிரே நின்று வாடிக்கையாளர்கள் சொல்லும் வசனம் அது. அதைக் கேட்டால் சாமானைப் புகழ பஹ்மியின் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அவரைக் கேட்டுக்கொண்டு அது திறப்பதில்லை.

"ஒயரம் கொறவா? நம்மட ஒயரத்துக்கு அதுக்கு மேல என்னத்துக்கு? அந்தத் தண்ணி விழுற அழகப் பாத்தியா, பட்டு மாதிரி! சத்தம்? பக்கத்துல நிண்டு கத்தினாலும் கேக்காது. கண்டி முழுக்கத் தேடினாலும் அப்பிடியொண்டு அம்புடாது."

"அவ்வளவு நல்ல சாமான்னா காலைல ஏன் விட்டீங்க?"

"விடல்ல. ஒப்பிட்டுப் பாத்தேன்."

யுகேஷுக்கு இருமல் வந்தது.

"எனக்கென்னமோ வேணாம்," என்றாள் மஸீனா. "நெறமும் ஒருமாதிரி மங்கலா இருந்திச்சு."

"மங்கலா! வெயில் பட்டு மின்னிச்சுது! இல்மா, நீ செல்லு."

இல்மா ஷோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் மட்டும் குலுங்கின.

"சரி, நீங்க இவ்வளவு செல்லுறதால வாறேன்," என்றாள் மஸீனா. "ஆனா கால் நனைக்கிறது பத்தாது. நீங்க இடுப்பு வரைக்கும் எறங்கணும்."

"கணுக்கால்."

"இடுப்பு."

"சரி, முழங்கால். உனக்காக."

"யுகேஷ் தம்பி, கட்டுகஸ்தோட்டைக்கு விடுங்க."

"இடுப்பு! இடுப்பு!"

யுகேஷ் மலையிலிருந்து இறங்கிய வேகத்தில் பஹ்மி மூன்று தடவை கலிமாச் சொன்னார். ஐந்தே காலுக்கு அங்கம்மாவின் கடைக்கு முன்னால் வேன் நின்றது. அவள் பலகையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"வாங்கய்யா. ரெண்டு பாத்தாச்சா?"

"மூணு எடம்," என்றான் யுகேஷ்.

பஹ்மி தொண்டையைச் செருமினார். "காலைல சும்மா எறங்கலாம்னு சொன்னீங்க..."

"அது காலைல. இப்ப கட பூட்டுற நேரமுங்க. நீங்க ஏறி வர்ற வரைக்கும் நான் காத்துக்கிட்டு நிக்கணுமே. மிச்ச வடையப் பூரா எடுத்துக்கிட்டீங்கன்னா நிக்கிறேன்."

"எத்தின இரிக்கி?"

"முப்பத்தி நாலு."

காணாமல் போன அந்த மாடி பஹ்மியின் கண் முன்னால் ஒருமுறை வந்துபோயிற்று. பேரம் பேசாமல் முப்பத்து நான்கையும் வாங்கினார். அப்படியொரு காட்சியைத் தன் கண்ணால் கண்டதாக யுகேஷ் இன்றைக்கும் பன்வில முழுக்கச் சொல்லித் திரிகிறான்.

சாரத்தை மடித்துக் கட்டி, பிஸ்மி சொல்லி இறங்கினார். தண்ணீர் இடுப்பைத் தொட்ட கணம், தான் எந்த ஊர், என்ன வியாபாரம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. பக்கத்துப் பாறையில் மஸீனா அபாயாவின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. கடையில் அப்படிச் சிரிக்க இடமும் இல்லை.

"எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்று பஹ்மி கத்தினார். கேட்கவில்லை. சத்தத்தைப் பற்றி அவர் சொன்னது பொய்யல்ல.

மஸீனா இரண்டு கை விரல்களையும் இரண்டு தடவை விரித்துக் காட்டினாள். இருபது நிமிடம்.

பஹ்மி பல் கிடுகிடுக்க ஒரு கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்தார். இல்மா அந்த நேரம் பார்த்துப் படத்தை எடுத்தாள்.

கடைசியில் பன்னிரண்டு நிமிடத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில், துவாய்க்குள் சுருண்டு வடை தின்றுகொண்டே அவர் கேட்டார்:

"காலைலயே அது புடிச்சிச்சா ஒனக்கு?"

"செருப்பக் கழட்டினதக் காணல்லயா?"

"அப்ப வேணாம்னு செல்லினது?"

"நானும் அக்குறணை வியாபாரிட மகதானே."

படம் வீடு போய்ச் சேருமுன்பே குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. ஷிஹாப் பதில் எழுதியிருந்தார்: 'மாஷா அல்லாஹ்! பஹ்மி நானா சந்தோஷத்துல எங்களுக்குக் கை காட்டுறாரு.'

மஸீனா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கடையில், கல்லாவுக்கு நேர் மேலே மாட்டிவிட்டாள். கழற்றும் துணிவு பஹ்மிக்கு இல்லை. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் துணியைப் பார்க்குமுன் படத்தைப் பார்க்கிறார்கள். விரிந்த அந்த ஐந்து விரல்களைப் பார்த்துவிட்டு, ஒருவர் தவறாமல் கேட்கிறார்கள்:

"நானா, எல்லாத் துணிக்கும் வெலைல அஞ்சு வீதம் கழிவா?"