சீர்வரிசையில் ஒரு கம்ப்யூட்டர்

மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. அப்படி ஒன்றும் கேட்காதவர்களிடம்தான் பெண்ணைப் பெற்றவன் உஷாராக இருக்க வேண்டும். கேட்டவர்களுக்குக் கொடுத்தால் கதை முடிந்தது; கேட்காதவர்களுக்கு எதைக் கொடுத்து முடிப்பது? “எங்களுக்கு எதுவும் வேணாம்ங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யுங்க” என்று மாப்பிள்ளையின் அம்மா, குன்றத்தூர் முத்தாலம்மாள் சொல்லிவிட்டுப் போன மறுநாளே தரகர் வந்து தாமோதரனின் காதில் போட்டார். பையன் ஹேமநாத்துக்குக் கம்ப்யூட்டர் கேம் என்றால் உயிராம்.

தாமோதரன் தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மகள் சரிதா ராஜகீழ்ப்பாக்கத்தில் லாசரஸின் கடையில் மூன்று வருடமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் இதை இப்படியே சொல்லவில்லை. “கம்ப்யூட்டர் கம்பெனில வேலை” என்று சொன்னதோடு சரி. பெண்பிள்ளை ஸ்க்ரூ முடுக்குகிறாள் என்று தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கல்யாணம் நிச்சயமானதும் வரவேண்டிய பூரிப்போ பயமோ எதுவும் சரிதாவுக்கு வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. வேலை போய்விடுமோ என்பது மட்டும்தான் அவளுக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகலாமா என்று மாப்பிள்ளையிடம் போனில் ஒருநாள் கேட்டும் விட்டாள்.

“அம்மா வேணாங்கறாங்க. பாக்கலாம்” என்றான் ஹேமநாத்.

அந்தப் ‘பாக்கலாம்’ஐ அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சீர் கம்ப்யூட்டரை நானே கட்டுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள். பார்க்கச் சாதாரணமான கறுப்புக் கேபினெட் போதும். நல்ல கிராபிக்ஸ் கார்டு, நல்ல எஸ்எம்பிஎஸ். எண்சாண் உடம்புக்கு வயிறே பிரதானம் என்பார்களே, கம்ப்யூட்டருக்கு அந்த வயிறு எஸ்எம்பிஎஸ்தான். கரண்ட்டைப் பிரித்து எல்லாவற்றுக்கும் ஊட்டுகிற பெட்டி. கேம் ஆடுகிறவனுக்கு இதன் அருமை தெரியும். திக்காமல் ஓடுவதைப் பார்த்து, யார் அசெம்பிள் பண்ணது என்று நிச்சயம் கேட்பான். நான்தான் என்று சொல்லிவிட்டால் ‘பாக்கலாம்’ சரியாகிவிடும். அவள் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தாமோதரன் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுக் கடைக்குள் வந்தார். மேசைமேல் இருந்ததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, முறுக்கு டின்னு மாதிரி கீது?”

“எல்லாம் உள்ளதாம்ப்பா இருக்குது.”

“உள்ள கீறத மண்டபத்துல எவன் தொறந்து பாக்கப் போறான்? பீரோ, கட்டிலு, பித்தள அண்டான்னு வரிசையா வெச்சிகினு நடுவுல இத வெச்சா சிரிப்பாங்கம்மா. அதோ, அது இன்னா?”

அவர் கை காட்டியது ஷோகேஸில் இருந்த கேபினெட்டை. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். நாலு ஃபேனிலும் நீல லைட் எரியும்.

“அது ஷோக்குதாண்ணே” என்றார் லாசரஸ். “ஆனா அதோட வர்ற எஸ்எம்பிஎஸ் டம்மி. அத எடுத்தா கிராபிக்ஸ் கார்டையும் கொறைக்கணும், நீங்க சொன்ன பட்ஜெட்ல ரெண்டும் வராது. சரிதா போட்டுக்கறதுதான் கரெக்ட்டு.”

“ஓடுமா ஓடாதா?”

“ஓடும். பெரிய கேம் போட்டா படுத்துக்கும்.”

“ஓடுதுல்ல, அப்புறம் இன்னா?” தாமோதரன் மகளைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “எனக்காவண்டிம்மா. அந்த ஒரு நாளு நான் தல நிமிந்து நிக்கணும்.”

அடடா, அப்பாக்களுக்கு இந்த ஒரு வித்தை எங்கிருந்துதான் வருகிறதோ! அதட்டினால் எதிர்த்துப் பேசலாம், கெஞ்சினால் என்ன செய்வது? சரிதா “சரிப்பா” என்றாள். பூட்டியதையெல்லாம் கழற்றினாள். நல்ல கார்டை உறையில் போட்டு அலமாரியில் திருப்பி வைத்தாள். டம்மியைப் பொருத்தி, வயர்களை வெளியே தெரியாமல் இழுத்துக் கட்டினாள். வேறு யாருடைய கம்ப்யூட்டரையோ கட்டுகிற மாதிரி கை பாட்டுக்கு வேலை செய்தது.

ரிசப்ஷன் அன்று சும்மா சொல்லக்கூடாது, கூட்டம் அதைத்தான் மொய்த்தது. பீரோவைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. “மச்சான், செம லுக்குடா!” என்று ஹேமநாத்தின் நண்பர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். முத்தாலம்மாள் சொந்தக்காரப் பெண்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். தாமோதரன் புதுச் சட்டையில் பக்கத்திலேயே நின்று, கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா இப்படிச் சிரித்துச் சரிதா பார்த்ததில்லை. மேடையிலிருந்து பார்த்தாள். அதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, சந்தோஷம்தான் வரவில்லை.

மூன்றாம் நாள், குன்றத்தூர் வீட்டு ஹாலில் ஹேமநாத் கார் ரேஸ் கேம் ஒன்றைப் போட்டான். நல்ல பையன்தான், பக்கத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு, “வா, வந்து பாரு” என்றான். முதல் ரவுண்டிலேயே கார் திக்கித் திக்கி ஓடியது. இரண்டாவது ரவுண்டில் பொட்டென்று எல்லாம் அணைந்தது. மறுபடி போட்டான், மறுபடி அணைந்தது. மூன்றாம் முறையும் அதே கதை.

“சே, பேஜார். எந்தக் கடைல வாங்குனாங்க? எவன் அசெம்பிள் பண்ணான் இத?”

அவள் காத்திருந்த கேள்வி வந்தேவிட்டது, வந்த விதம்தான் தலைகீழ். அப்பாதான் லைட்டுக்காக நல்லதை மாற்றச் சொன்னார் என்று சொல்லலாம். நாளைக்கு ஒரு விசேஷத்தில் முத்தாலம்மாள், “லைட்டப் போட்டு ஏமாத்திட்டாரு சம்பந்தி” என்று பத்துப் பேர் நடுவில் எடுத்துவிடுவாள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றும் சொல்லலாம். மூன்று வருடம் தொழில் சொல்லிக் கொடுத்த லாசரஸ்மேல் எந்த வாயால் பழி போடுவது?

“நான்தாங்க” என்றாள்.

“நீயா?” அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு சிரித்தான். திட்டியிருந்தால்கூட அழுகையாவது வந்திருக்கும். “கம்ப்யூட்டர் கம்பெனின்னது இதத்தானா? பரவால்ல விடு, தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட குடுத்துப் பாத்துக்கலாம்.” அவள் தோளில் தட்டினான். “வேலைக்குப் போலாமான்னு அன்னிக்கு கேட்டல்ல? வேணாம் சரிதா. வரலன்னா விட்டுடணும். உனக்கு எதுக்கு இந்த டென்ஷன்? வூட்ல நிம்மதியா இரு.”

“சரிங்க.”

உள்ளேயிருந்து முத்தாலம்மாள் எட்டிப் பார்த்து, “லைட்டு எரியுதில்ல? சாயந்தரம் அத்தைங்கல்லாம் பாக்க வராங்க, போட்டே வையி” என்றாள். ஹேமநாத் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தத் தெரிந்த பையனைக் கூட்டிவரக் கிளம்பினான்.

பழுது எதுவென்று அவளுக்குத் தெரியும். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கி வரச் சொன்னால் போதும், மாட்டுவது பத்து நிமிட வேலை. அவன் வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றிருந்தாள். கூப்பிட்டுச் சொல்லவில்லை.